ரசிகரா, வாடிக்கையாளரா?

ஒரு சமுதாயம் தன் பொழுதுபோக்கைப் பற்றி எழுதிவைத்திருக்கும் எழுத்துகளை ஆராய்ந்தால், அச்சமுதாயம் தன் எளிய மக்களை எவ்வாறு மதித்தது என்பதும் உடன் விளங்கும். காப்பியமும் கவிதையும் கதையுமே திறனாய்வுக்கு உரியன என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. நீதிபதி ஒருவர் எழுதிய விசாரணை அறிக்கையும், ஆட்டம் பார்க்கச் சென்ற ஓர் இளைஞரின் தன்வரலாறும் அதே கூர்மையோடு படிக்கப்பட வேண்டியவை என்பது நம் கருத்து. அத்தகைய இரண்டு எழுத்துகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, 1990ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தில் வெளியான டெய்லர் பிரபுவின் இறுதி அறிக்கை. மற்றொன்று, 1992இல் வெளியான நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' என்னும் நூல். கால்பந்தாட்டத்தை நேரில் காணச் செல்லும் மக்களின் அனுபவம் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்று பேசுவோர் பெரும்பாலும் இவ்விரண்டையுமே துணைக்கு அழைக்கின்றனர். அழைப்பவர்கள் சரியாகப் படித்தார்களா என்பதே நம் கேள்வி.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். ஆட்டம் பார்ப்பவரை நாம் 'ரசிகர்' என்கிறோம். சுவையை உணர்ந்து அதில் பங்கு கொள்பவர் என்பது அதன் பொருள். இன்றைய பெரும் கழகங்களின் அலுவலகங்களிலோ அவருக்கு வாடிக்கையாளர் என்று பெயர். ரசிகர் பங்காளி, வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் பொருள் பெற்றுப் போகிறவர். முன்னவர் எவ்வாறு பின்னவரானார் என்பதை அறிந்தால் நம் பொருளின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நின்றவர்களின் காலம்

பழைய ஆங்கில விளையாட்டரங்குகளில் பெரும்பாலோர் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தனர். கோல்கம்பங்களுக்குப் பின்னால் உயர்ந்து செல்லும் படிகளில், இருக்கையும் எண்ணும் இன்றி, தோளோடு தோள் உரசி நின்றனர். அவற்றுள் புகழ்பெற்றது லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்டு அரங்கின் 'கோப்' மேடை. 1906இல் எழுந்த அம்மேடைக்கு, 1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் கோப் குன்றில் நடந்த போரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. அப்போரில் லிவர்பூல் வட்டாரத்துப் படைவீரர் பலர் உயிர் இழந்திருந்தனர். 1964இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சி அம்மேடைக்குச் சென்று, அங்கு நின்ற தொழிலாளிகள் ஒருவரும் கற்பிக்காமலே ஒரே குரலில் பாடுவதைப் படம் பிடித்து நாட்டுக்குக் காட்டியது.

இதை நினைந்து உருகி எழுதுவோர் அங்கே மிகுதி. அவர்களின் உருக்கம் பொய்யன்று. எனினும் பாதி உண்மை. 1946இல் போல்ட்டன் நகரத்து பர்ண்டன் பார்க் அரங்கில் நெரிசலில் 33 பேர் மாண்டனர். 1971 சனவரி 2ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில், ஆட்டம் முடிந்து இறங்கும் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தனர். 1985 மே 11ஆம் நாள் பிராட்ஃபோர்டு நகரில் பழைய மரக்கூடம் ஒன்று தீப்பற்றி 56 உயிர்களைக் கொண்டது; மரப்பலகைகளுக்கு அடியில் ஆண்டாண்டாகக் குவிந்த குப்பையே தீக்கு இரையாயிற்று. அதே மாதம் 29ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்செல் அரங்கில், லிவர்பூல் ரசிகர் சிலர் எதிரணியினர் மீது பாய்ந்தபோது சுவர் இடிந்து 39 பேர் உயிர் துறந்தனர். பழைய மேடையின் பாட்டைப் புகழ்வோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவற்றின் உச்சமாய் வந்தது 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம். வாயிற்புறத்தில் நெரிசல் மிகவே, காவல் துறையினர் வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டனர். உள்ளே செல்வோரைப் பக்கத்துப் பகுதிகளுக்குத் திருப்பிவிடுவார் யாருமில்லை. கூட்டம் நேரே சுரங்கவழியில் இறங்கி, முன்னமே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளுக்குள் புகுந்தது. பட்டி என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதுகிறோம். கம்பிவேலி அடித்து மக்களை மந்தைபோல் அடைத்த பகுதிகளுக்கு ஆங்கிலத்திலும் அதுவே பெயர். ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. மாண்டோர் தொகை 97. அவர்களுள் கடைசியானவர், அன்று பட்ட காயத்தின் விளைவாலேயே 2021இல் இறந்தார்.

அறிக்கையின் நேர்மை

அடுத்து நிகழ்ந்தது திறனாய்வாளனுக்கு மிக முக்கியமானது. இறந்தவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. ரசிகர்களே கதவை உடைத்தனர் என்று காவல் துறையின் தரப்பிலிருந்து பொய்ச்செய்தி பரவியது. நான்கு நாட்களில் 'சன்' நாளேடு, ரசிகர்கள் பிணங்களைக் கொள்ளையிட்டனர் என்னும் பழியையே உண்மை என்று தலைப்பிட்டு வெளியிட்டது. அந்தப் பொய்கள் மக்களிடம் எடுபட்டதற்குக் காரணம், கால்பந்து ரசிகர் என்ற சொல்லின் பொருள் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்ததுதான். கூட்டம் என்றால் குடியர் கூட்டம், குழப்பக் கூட்டம் என்று பத்தாண்டுகளாக எழுதிப் பழகிய பேனாக்களுக்கு, இறந்த சிறுவர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது எளிதாயிற்று.

இத்தகைய சூழலில் எழுதப்பட்டமையே டெய்லர் அறிக்கையின் பெருமை. நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையிலேயே, பேரிடருக்கு முதற்காரணம் காவல் துறையின் கட்டுப்பாடு தவறியதே என்று தெளிவாகச் சொன்னார். இறுதி அறிக்கையில் அலங்காரமற்ற நடையில், கழிப்பறை முதல் கழக நிர்வாகம்வரை ஒவ்வொன்றையும் நேரில் கண்டவராக எழுதினார். மைதானக் கூட்டத்தின் பாதுகாப்பைக் குறித்து அரசாங்கத்தின் சார்பில் எழுந்த ஒன்பதாவது அறிக்கை தம்முடையது என்பதை வருத்தத்தோடு குறித்தார். எட்டு அறிக்கைகள் ஏற்கெனவே அலமாரியில் உறங்கின என்பதே அதன் பொருள். ரசிகர் அனைவருக்கும் அடையாள அட்டை என்ற அரசின் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. மக்களை இழிந்த இடத்தில் வைத்தால் இழிந்த நடத்தையே விளையும், மதிப்போடு நடத்தினால் மதிப்போடு நடப்பார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த அறிக்கையின் பரிந்துரைப்படியே, இங்கிலாந்தின் மேல் இரு பிரிவுகளைச் சேர்ந்த கழகங்கள் 1994 ஆகஸ்டுக்குள் தம் அரங்குகள் முழுவதிலும் இருக்கை அமைக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1994 ஏப்ரல் 30ஆம் நாள், நார்விச் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில், கோப் மேடை கடைசி முறையாக நின்று பாடியது. அன்று லிவர்பூல் 1-0 என்று தோற்றது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 28,000 பேர் நின்ற இடத்தில், பின்னர் எழுந்த கட்டடம் 12,000 பேருக்குச் சற்று மேல் இருக்கை தந்தது.

டெய்லரே மேடையைக் கொன்றார், டெய்லரே ஏழைகளை வெளியேற்றினார் என்று பலர் எழுதுகின்றனர். அறிக்கையைப் படித்தவர் இதை எழுத இயலாது. இருக்கை அமைப்பதைச் சாக்காக வைத்துக் கட்டணத்தை வரம்பின்றி உயர்த்தலாகாது என்பதே அவர் கருத்து. எடுத்துக்காட்டாக ஐப்ராக்ஸ் அரங்கைக் காட்டினார். அங்கே அப்போது நிற்பதற்கு 4 பவுண்டு, இருக்கைக்கு 6 பவுண்டு. அந்த இரண்டு பவுண்டு வேறுபாடே அவர் மனத்தில் இருந்த அளவு. உயிரைக் காக்க அவர் சொன்ன வழி ஒன்று. அவ்வழியில் கடை விரித்தவர்கள் வேறு சிலர். இவ்விரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு, இறந்தோரின் பெயரால் விலையேற்றத்துக்கு நியாயம் கற்பிப்பதாகவே முடியும்.

எனினும் அறிக்கையிலும் ஒரு குறை உண்டு. கட்டணம் குறித்த அந்த நல்லெண்ணத்தை அவர் சட்டமாக்கும்படி வற்புறுத்தவில்லை. இருக்கை கட்டாயமாயிற்று, நியாயமான விலை கட்டாயமாகவில்லை. கழகங்களின் நிர்வாகத்தை அவ்வளவு கடுமையாகச் சாடிய நீதிபதி, விலை நிர்ணயத்தை மட்டும் அவர்களின் நல்லறிவுக்கு விட்டுவிட்டது வியப்பே.

பணம் வந்த வழி

1992இல் முதற்பிரிவுக் கழகங்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக் என்னும் தனி அமைப்பைக் கண்டன. செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பணம் பெருக்கெடுத்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்றிருந்த வழக்கம் சிதைந்து, ஞாயிறு, திங்கள், நண்பகல், பின்மாலை என்று ஒளிபரப்புக்கேற்ப நேரங்கள் மாறின. ஊர்விட்டு ஊர் செல்லும் ரசிகருக்குத் திரும்பி வரக் கடைசி இரயில் இருக்குமா என்ற கவலை புதிதாய் வந்தது.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே சனிக்கிழமை நண்பகல் 12.30க்குத் தொடங்கும் ஆட்டம் நம் வீடுகளில் மாலைப்பொழுதில் ஒளிர்கிறது. நம் இளைஞர்கள் கூடத்தில் அமர்ந்து களிப்பதற்கு வசதியாகவும் அந்நேரம் அமைகிறது. அதற்காக விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுபவர் நியூகாசிலின் தொழிலாளி. ஆசிய நாடுகளின் தொலைக்காட்சிச் சந்தை அவ்வளவு பெரிது. ஆகவே இது யாரோ தொலைவிலுள்ளோரின் சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

விலை எந்த அளவுக்கு ஏறிற்று? 2016இல் லிவர்பூல் கழகம், விரிவாக்கப்பட்ட தன் முதன்மைக் கூடத்தின் உயர்ந்த கட்டணத்தை 77 பவுண்டு என்று அறிவித்தது. 1990 முதல் அவ்வாண்டுவரை அந்நாட்டின் பொது விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கே ஆகியிருந்தது என்பதை வைத்து வாசகர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். பிப்ரவரி 6ஆம் நாள் சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தில், சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கு நாட்களில் உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்து அக்கட்டணத்தைக் கைவிட்டனர். அடுத்த மாதமே, வெளியூர் ரசிகர்களிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று பிரீமியர் லீக் கழகங்கள் முடிவு செய்தன. கடைக்காரரோடு மனம் வேறுபட்ட வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். இவர்களோ போகவில்லை; தம்முடையது என்று கருதிய இடத்தில் நின்றே வழக்காடினார்கள்.

நூலின் அருமையும் குறையும்

இனி ஹார்ன்பியின் நூலுக்கு வருவோம். பெற்றோர் பிரிந்துவிட்ட பதினொரு வயதுச் சிறுவனை, 1968 செப்டம்பர் 14ஆம் நாள் தந்தை ஆர்சனல் கழகத்தின் ஹைபரி அரங்குக்கு அழைத்துச் செல்கிறார். பேச வழியறியாத தந்தைக்கும் மகனுக்கும் அந்த அரங்கு பேசுமிடம் ஆகிறது. அது முதல் 1992வரை, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ஆட்டத்தின் பெயரும் நாளும் தலைப்பாக, ஒரு வாழ்வு சொல்லப்படுகிறது. ரசிகரை மந்தையாகவே எழுதிவந்த காலத்தில், அவரை நினைவும் நோவும் நாணமும் உடைய மனிதராகக் காட்டியது இந்நூலின் அருஞ்சாதனை. ஹெய்செல் நிகழ்வைப் பேசுமிடத்தில், தீங்கற்றதாகத் தோன்றும் மேடை மிரட்டலுக்கும் கொலைக்கும் இடையிலுள்ள தொடர்பை ஆசிரியர் தயங்காமல் ஒப்புகிறார். அந்த நேர்மை போற்றத்தக்கது.

ஆயினும் இந்நூலின் உள்ளே ஒரு மாற்றம் ஆசிரியரும் அறியாமல் நிகழ்ந்திருக்கிறது. மேடையில் பாடியது ஒரு கூட்டம். நூலில் பேசுவது ஒரு தனிமனம். கோப் மேடையின் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. இந்நூலின் ஏக்கத்துக்கு உண்டு. எண் இடப்பட்ட இருக்கையில் ஒவ்வொருவரும் தனித்தனியே அமரத் தொடங்கிய அதே ஆண்டுகளில், ரசிகரின் அனுபவமும் இவ்வாறு தனியொருவரின் உடைமையானது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. இந்நூலைப் பின்பற்றி வந்த எண்ணற்ற நினைவு நூல்களில் பக்கத்தில் நின்றவர் மெல்ல மெல்ல மறைந்தே போனார். நூலின் உச்சமான 1989 மே 26ஆம் நாள் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஹில்ஸ்பரோ துயரால் தள்ளிவைக்கப்பட்டு ஆன்ஃபீல்டில் நடந்த அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலால் ஆர்சனல் பட்டம் வென்றது. அதை ஹார்ன்பி கண்டது தொலைக்காட்சியில்! அரங்குக்குச் செல்வதைப் பற்றிய நூலின் பேரின்பம் வீட்டில் நிகழ்கிறது. வரப்போகும் காலத்தின் அடையாளம் அங்கேயே விழுந்துவிட்டது.

மற்றோர் இடத்தில் ஆசிரியர் தீர்க்கதரிசியாகவே பேசுகிறார். ஹைபரியின் வடக்கு மேடையை இடித்து இருக்கை அமைப்பதற்காக ஆர்சனல் கழகம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலையுள்ள பத்திரங்களை விற்க முனைந்தபோது, மலிவுக் கட்டணத்தில் நின்று பாடுவோரின் ஆரவாரமே உயர்ந்த இருக்கைகளில் அமர்வோருக்கும் விற்கப்படும் பண்டம்; அவர்களை விரட்டினால் விற்பதற்கு எதுவும் எஞ்சாது என்ற கருத்தை வற்புறுத்துகிறார். 1992-93இல் கட்டட வேலையை மறைக்க அக்கழகம் மக்கள் முகங்களைத் தீட்டிய பெரிய திரை ஒன்றைத் தொங்கவிட்டது. தொடக்கத்தில் அதில் ஒரு கறுப்பின முகம்கூட இல்லை. குறை எழுந்தபின் திருத்தித் தீட்டினர்.

வெளியே நின்றவர்கள்

அத்திரை ஓர் உண்மையைத் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. பழைய மேடை எல்லாரையும் அணைத்துக்கொள்ளவில்லை. 1988இல் லிவர்பூல் வீரர் ஜான் பார்ன்ஸ், தம்மீது எறியப்பட்ட வாழைப்பழத்தைப் பின்னங்காலால் தட்டிவிடும் ஒளிப்படம் உலகறிந்தது. வீரருக்கே அந்நிலை என்றால், பார்க்க வரும் நிறத்தவருக்கு என்ன வரவேற்பு இருந்திருக்கும்! வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் குடியேறிய நம் துணைக்கண்டத்து முஸ்லிம்களில் பலர், அரங்குக்கு நடந்துசெல்லும் தொலைவிலேயே வாழ்ந்தும், சனிக்கிழமைகளில் அத்தெருக்களைத் தவிர்த்தே வந்தனர். பழைய நாட்களைப் பாடும் நூல்களில் அவர்களுக்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 2022 மே 2ஆம் நாள் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகம் தன் ஈவுட் பார்க் ஆடுகளத்தையே நோன்புப் பெருநாள் தொழுகைக்குத் திறந்துவிட்டது. 2023 மார்ச்சு 26இல் செல்சி கழகம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அரங்கில் நோன்பு திறப்பு நிகழ்ச்சியை நடத்தியது; பிரீமியர் லீக் அரங்கொன்றில் அதுவே முதல் முறை. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வரும் அரங்குகள் இன்று உள்ளன. இவை மெய்யான ஆதாயங்கள். பழமையை மீட்போம் என்போர் இவற்றைத் துறந்து மீட்க விரும்புகிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே மூச்சில் கழகங்களையும் நாம் கேட்க வேண்டும்: கதவைத் திறந்துவிட்டு, வாயிற்படியில் எளிய குடும்பத்தால் கொடுக்கவியலாத விலையை எழுதிவைத்தால், வரவேற்கப்பட்டவர் யார்?

வெறும் அரங்கு சொன்ன தீர்ப்பு

ரசிகர் பங்காளியா, வாடிக்கையாளரா என்ற கேள்விக்குக் காலமே ஒரு சோதனை வைத்தது. கொள்ளைநோயால் நின்ற பிரீமியர் லீக் 2020 சூன் 17இல் வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பதிவு செய்த ஆரவாரத்தைச் சேர்த்து ஒலிபரப்பின. பொருளை வாங்குபவர் மட்டுமே ரசிகர் என்றால், அவர் இல்லாக் குறையை மறைக்க அவருடைய குரலைப் போலி செய்ய வேண்டிய தேவை என்ன? அடுத்த பருவத்திலோ, பெரும்பாலான ஆட்டங்கள் ஆளில்லா அரங்குகளிலேயே நடந்தபோது, ஆங்கில மேற்பிரிவின் வரலாற்றில் முதன்முறையாகச் சொந்த மண்ணில் பெற்ற வெற்றிகளைவிட (144) வெளியூர் அணிகளின் வெற்றிகள் (153) மிகுந்தன. 2020 சூலை 22ஆம் நாள், முப்பது ஆண்டு காத்திருந்து வென்ற பட்டக் கோப்பையை லிவர்பூல் வீரர்கள் உயர்த்தியது ஆளற்ற கோப் மேடையின்மேல். அதைக் கண்ட எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிராது.

பாதுகாப்பு வேறு, விலை வேறு என்பதற்கும் சான்று உண்டு. செருமனியின் டார்ட்மண்ட் நகரத்துத் தெற்கு மேடையில் இன்றும் சுமார் 25,000 பேர் குறைந்த கட்டணத்தில் நின்று பார்க்கின்றனர். அந்நாட்டில் 1998 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்திலும் 2022-23 பருவம் முதல், தடுப்புக் கம்பியோடு கூடிய இருக்கை வரிசைகளில் உரிமம் பெற்று நின்று பார்க்க வழி பிறந்திருக்கிறது. ஆபத்து நிற்பதில் இல்லை. அடைத்துவைத்ததிலும் அலட்சியத்திலும் இருந்தது.

ஹில்ஸ்பரோவில் மாண்டோரின் குடும்பத்தார் இதை நிலைநாட்ட 27 ஆண்டுகள் போராடினர். 2012இல் தனிக்குழு ஒன்று ஆவணங்களை ஆராய்ந்து, காவலர் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. 2016 ஏப்ரல் 26ஆம் நாள் விசாரணை நடுவர் குழு, மாண்டோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தது. டெய்லர் 1989இலேயே எழுதியதை ஒரு நாடு ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின.

ஆதலின் இவ்விரு எழுத்துகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் முடிபு. அறிக்கையிலிருந்து, மக்களை மதித்து நடத்துவதே பாதுகாப்பின் முதற்பாடம் என்பதைக் கற்கலாம். நூலிலிருந்து, கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்வுண்டு என்பதைக் கற்கலாம். இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்றை இனி எழுதுவோர்தாம் தர வேண்டும்: முன்பு வெளியே நிறுத்தப்பட்டவரும், இன்று விலையால் வெளியேற்றப்பட்டவரும் சேர்ந்த ரசிகரின் வரலாறு. அதை எழுதப் புகுவோர் வாடிக்கையாளர் என்ற சொல்லைக் கணக்கேட்டிலேயே விட்டுவிட்டு வருவார்களாக.